கோரைமுனையில் வறுமை ஒழிந்த விதம்

எங்கள் ஊரில் வறுமை ஒழிந்துவிட்டது என்பது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரிய வந்தது. நான் அப்போது வாவு முகம்மது மாமாவின் கருவாட்டுக் கொட்டகையில் நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தேன். வளர்ச்சி அலுவலக ஜீப்பை ஓட்டும் தவசி அண்ணன் வாசலில் வந்து நின்று, "ஏப்பா மருது, ஒங்க ஊர்ல வறுமை ஒழிஞ்சு போச்சாம்ல. ஆபீஸ்ல பேசிக்கிட்டாக" என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் இல்லை. "அது சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பு வாத்தியார் சதக்கத்துல்லாவின் விதி. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. ஆகவே மேலே உள்ளதை முதலில் எழுதியது தவறு. அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். அதை அப்படியே விட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

கோரைமுனைக்கு மூன்று பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் கடல், இரண்டு பக்கம் உப்பங்கழி. ஊருக்குள் தோண்டிய கிணறுகளில் வருவதும் கடல்தான். நல்ல தண்ணீர் பனங்காட்டு மணலில் மட்டும் ஊறும். பெண்கள் அங்கே குழி பறித்து, குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊறுவதைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு வீட்டுச் சண்டைகளைப் பேசித் தீர்த்துவிடலாம். குடம் நிறையும் நேரத்தில் குழி சரிந்து மூடிக்கொள்வதும் உண்டு. அங்கே சிமெண்டு உறை இறக்கி ஒரு கிணறு கட்டிவிட்டால் ராத்திரி முழுக்க ஊறும் தண்ணீர் வீணாகாமல் நிற்கும் என்பது என் சித்தி சோணையம்மாளின் கருத்து. அதை அவள் கருத்தாகச் சொல்வதில்லை. ஊருக்கு வரும் ஒவ்வொரு அதிகாரியிடமும் சத்தமாகச் சொல்வாள்.

அந்தக் கிணற்றில் எனக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. நயினார்கோவில் பக்கத்துப் பெண் சேதுலட்சுமியை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அய்யா ஊரைப் பார்க்க வந்தார். பனங்காட்டு மணலுக்குள்ளிருந்து என் சித்தியின் தலை மட்டும் வெளியே தெரிந்து "வாங்க சம்மந்தி" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "எம் மகளையும் இப்படிக் குழியில எறக்கவா? மொத தண்ணி வரட்டும், பெறகு பொண்ணு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க மிகவும் முயன்றேன். முடியவில்லை.

1959 தை மாதம் வட்டார வளர்ச்சி அதிகாரி குருநாதன் ஊருக்கு வந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் போட்டார். சர்வதேச வறுமைக் குறைப்பு ஆலோசனைக் குழு என்ற ஒன்று ஏழைக் கிராமம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறதாம். தேர்ந்தெடுக்கும் ஊருக்குக் கேட்டது கிடைக்குமாம். "கெணறு கெடைக்குமா?" என்று கேட்டாள் சித்தி. "கிணறு என்னம்மா, கடலையே தூர்த்துக் கொடுப்பார்கள்" என்றார் குருநாதன். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அன்பார்ந்த ஏழைப் பெருமக்களே! உங்கள் வறுமையைப் பார்ப்பதற்காகவே ஒரு நிபுணர் கடல் கடந்து வருகிறார். இதுவரை அந்த வறுமையை நானே வந்து பார்த்ததில்லை என்றால் அவர் பெருந்தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் முன்னால் நம் ஜில்லாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் கடமை!"

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது.

"விருந்தாளி வாராக. சும்மாவா?" என்றார் வாவு முகம்மது மாமா. பள்ளிவாசல் ஜமாஅத்தில் கல்யாணங்களுக்காகப் பொதுச் சாமான்கள் உண்டு. பெரிய அண்டாக்கள், ஜமுக்காளங்கள், சகன்கள். சகன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகன்ற தட்டு. எல்லாம் புளி போட்டுத் துலக்கப்பட்டன. மேலத்தெரு உக்கிரபாண்டிப் பெரியப்பா தன் மாட்டுக்குச் சலங்கை கட்டினார், தனக்குச் சரிகை அங்கவஸ்திரம் கட்டிக்கொண்டார். பெண்கள் தேவிபட்டினத்துச் சொந்தக்காரர்களிடம் கம்மல் இரவல் வாங்கி வந்தார்கள். சித்தியும் மற்றப் பெண்களும் வேலைவெட்டிக்குப் போகாமல் பனங்குழியிலேயே கிடந்து இரண்டு அண்டாக்களை விளிம்பு வரை நிரப்பி வைத்தார்கள். வந்தவர்கள் கை கழுவத் தண்ணீர் இல்லை என்று ஒரு பேச்சு வரக்கூடாதல்லவா?

நிபுணரின் பெயர் ஹல்லன். வருஷத்தில் பாதி நாள் பனி பெய்யும் நாட்டுக்காரர். நல்ல மனிதர். எங்கள் வெயிலில் அவர் மூக்கு இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறேன் என்பதால் என்னைக் கேள்வித் தாள்களைத் தூக்கிக்கொண்டு கூடவே வரச் சொன்னார்கள். ஹல்லன் கேட்பார், குருநாதன் தமிழில் சொல்வார், ஊர் பதில் சொல்லும்.

"குளிர்காலத்தில் வீட்டை எதைக் கொண்டு சூடாக்குகிறீர்கள்?"

உக்கிரபாண்டிப் பெரியப்பா என்னைப் பார்த்தார். "வீட்ட எதுக்குலே சூடாக்கணும்? அதுவே சூடாத்தான கெடக்கு?"

எரிபொருளில் தன்னிறைவு என்று பதிவாயிற்று.

"கடந்த ஐந்து ஆண்டுகளில் பனிச்சரிவால் ஏற்பட்ட சேதம்?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

இதுவும் ஊருக்குச் சாதகமாகவே பதிவாயிற்று.

விருந்து நேரம் வந்தது. எங்கள் பக்கத்து விருந்தில் வந்தவர் எழுந்து போய்க் கை கழுவக் கூடாது. வீட்டுக்காரர் பித்தளைக் கெண்டியும் தாம்பாளமுமாக வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் வார்க்க வேண்டும். வாவு மாமா வார்த்தார். ஹல்லன் கையை நீட்டியபடி, "இந்த ஊரில் தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறதா?" என்று கேட்டார். கையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு விருந்தாளி இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

"போதும் போதும்ங்கிற அளவுக்குக் கெடக்கு. நல்லாக் கழுவுங்க" என்றார் உக்கிரபாண்டிப் பெரியப்பா. வாவு மாமா இன்னும் கொஞ்சம் வார்த்தார்.

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. ஊரின் அண்டாக்களை ஊரின் தலைகளால் வகுத்துப் பார்த்ததில் கோரைமுனை ஒரு வசதியான ஊர் என்று தெரிந்ததாம். கிணறு கிடையாது. நாங்கள் அலுவலகத்துக்குப் போனோம். குருநாதனுக்குக் கோபம்.

"வறுமை இருந்தால் மட்டும் போதுமா? அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா? உங்களை நம்பி நான் மேலே என்னவெல்லாம் எழுதினேன் தெரியுமா? இந்த ஜில்லாவிலேயே என் வட்டாரம்தான் ரொம்ப ஏழை என்று எழுதினேன். இப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?"

"எங்க மூஞ்சியக் கழுவவே தண்ணி இல்ல. ஒங்க மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு எங்ககிட்டக் கேட்டா?" என்றாள் சித்தி. நான் அவள் முந்தானையை இழுத்தேன்.

குருநாதன் மறு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார். இந்த முறை தவறு நடக்கக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு வறுமைப் பயிற்சி கொடுத்தார். விருந்தாளியைக் கண்டதும் சிரிக்கக் கூடாது. சாப்பிட்டீர்களா என்று அவரை நாம் கேட்கக் கூடாது. அவர் நம்மைக் கேட்கும்படி நிற்க வேண்டும். உக்கிரபாண்டிப் பெரியப்பா நின்று காட்டினார். கோயில் கொடை வசூலிக்க நிற்பது போல இருந்தது. பயிற்சியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில், ஊருக்கு ஒரு மாதிரி ஏழையை நியமித்து நிபுணரை நேரே அவரிடம் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. யாரும் சம்மதிக்கவில்லை.

"நான் ஏழையா? எம் மச்சினன் காதுக்குப் போனா காறித் துப்ப மாட்டான்?" என்றார் பெரியப்பா.

"ஒங்களுக்கு என்ன கொறச்சல், ஏழையா நிக்க? கடன் இல்லாத வீட்டுக்காரன் மாதிரி அலட்டிக்கிறீக" என்றாள் சித்தி.

"அப்ப நீ நில்லு."

"நான் நின்னா ஏழை மாதிரியா இருக்கும்? சண்டைக்கு வந்தவ மாதிரில்ல இருக்கும்?"

இது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை. வலை பின்னும் ஹமீது சுல்தான் மட்டும், "எனக்கு யாரும் இல்ல. வெக்கப்பட ஆள் இல்லாதவன் நாந்தான். நான் நிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார். அவர் பெயரை அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். மாதிரி ஏழை, கோரைமுனை, ஹமீது சுல்தான்.

அது நோன்பு மாதம். ஊரறிய ஒருவரை ஏழை என்று எழுதிய பிறகு அவருக்கு ஜகாத் கொடுக்காமல் இருக்க முடியுமா? வாவு மாமா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். இன்னொருவர் இரண்டு ஆடு கொடுத்தார். உக்கிரபாண்டிப் பெரியப்பா, இந்துக்கள் சளைத்தவர்களா என்று ஒரு கட்டிலை இறக்கினார். ஹல்லன் இரண்டாம் முறை வந்தபோது ஹமீது சுல்தான் புதுக் கைலி கட்டி, கட்டிலில் உட்கார்ந்து, ஆடுகளுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். பயிற்சி நினைவுக்கு வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?"

"விடியுறதுக்கு முன்னாடி. இனி பொழுது சாஞ்சாத்தான். இந்த மாசம் பூரா இப்படித்தான்."

ஹல்லனின் பேனா வேகமாக ஓடியது. குருநாதனின் முகம் மலர்ந்தது.

"ஏன் அப்படி?"

"ஆண்டவனுக்காக."

ஹல்லன் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார். சொந்த விருப்பத்தில் இருக்கும் பட்டினி வறுமைக் கணக்கில் சேராதாம்.

நான் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு நடந்தது எனக்குச் சரியாகப் புரியவில்லை. குருநாதன் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். "முதல் ஆய்வின்போது ஹமீது சுல்தானிடம் கட்டில் இல்லை, ஆடு இல்லை. குழு வந்து போன சில வாரங்களில் எல்லாம் வந்துவிட்டன. இந்த வேகத்தில் உலகத்தில் எந்த ஊரும் முன்னேறியதில்லை. இதற்குக் குழு செலவு செய்தது ஒன்றுமே இல்லை என்பதுதான் இதில் மகத்தான சாதனை!"

அதன் பிறகுதான் தவசி அண்ணன் அந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கு வந்தார்.

ஆனி மாதம் விழா. உலகத்திலேயே வறுமை ஒழிந்த முதல் கிராமம் என்று ஊருக்கு ஒரு கேடயம் தருவார்களாம். ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். வசதியான ஊர் என்பதால் விருந்துச் செலவு ஊருடையது. சித்தி கிணற்றைப் பற்றிக் கேட்டாள். குருநாதன் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"இப்போது கிணறு கொடுத்தால் வறுமை ஒழியவில்லை என்று ஆகிவிடுமே அம்மா. உங்கள் நன்மைக்காகத்தான் கொடுக்காமல் இருக்கிறோம்."

அந்த வாரமே சேதுலட்சுமியின் அய்யா ஆள் விட்டார். ஆடிக்குள் தண்ணீர் வராவிட்டால் தேவிபட்டினத்தில் வேறு இடம் இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு ஒரு கண் சற்றே மாறுகண், ஆனால் கொல்லையிலேயே நல்ல தண்ணீர்க் கிணறாம். நான் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்தேன். இரண்டும் நேராகத்தான் இருந்தன. அதனால் என்ன பயன் என்று தெரியவில்லை.

"ஆள்கிட்ட என்ன சொல்லிவிட, சித்தி?"

"ஆடி பொறக்கட்டும்னு சொல்லு. விருந்துக்கு என்ன சமையல்னு மாமாகிட்டக் கேட்டுட்டு வா."

விழாவன்று வாவு மாமா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கினார். பந்தலுக்குப் பின்னாலேயே அடுப்பு. கடல்காற்று வாசனையை அள்ளி மேடையில் கொட்டிக்கொண்டிருந்தது. குருநாதன் பேசினார். "வறுமை என்பது மக்களின் மனத்தில் இருக்கிறது. ஆகவே நாங்கள் வேறெங்கும் கை வைக்கவில்லை" என்றார். ஹல்லன் பேசினார். அவர் பேச்சைக் குருநாதன் தமிழில் சொன்னார். குருநாதன் பேச்சைப் பெரிய அதிகாரி பாராட்டினார். கேடயம் கொடுக்கப்பட்டது. பெரிய அதிகாரி தம் பேச்சைத் திடீரென்று பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் கறி வாசனை என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

ஜமுக்காளத்தில் சகன் வைக்கப்பட்டது. பெரிய அதிகாரி, ஹல்லன், குருநாதன், நாலாவது ஆளாக ஜீப் டிரைவர் தவசி அண்ணன். நாலு பேர் இல்லாமல் சகனில் சோறு வைக்கும் வழக்கம் இல்லை. நாலு பேரும் கை கழுவாமல் ஒருவர் மட்டும் தொடும் வழக்கமும் இல்லை. நெய்ச்சோறு மலையாகக் குவிந்திருந்தது. வாவு மாமா கெண்டியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"அண்டாவுல மோந்துக்கங்க" என்றார் பெரியப்பா.

"அண்டாவுல ஏது? இருந்ததெல்லாம் சோத்துக்கும் கொழம்புக்கும் போச்சு. உப்புத் தண்ணியவா விருந்தாளி கையில வார்க்க?" என்றாள் சித்தி. பிறகு விருந்தாளிகளிடம் மிக மரியாதையாக, "வாங்கய்யா, இங்கனதான், பக்கந்தான். கை கழுவிட்டு வந்துரலாம்" என்று முன்னால் நடந்தாள்.

பக்கம் இல்லை. வெயிலில் மணல் கொதித்தது. பனங்காட்டுக் குழியின் விளிம்பில் நால்வரும் பதவி வரிசைப்படி நின்றார்கள். சித்தி குழிக்குள் இறங்கி, சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, ஊறட்டும் என்று உட்கார்ந்தாள். எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். அரைச் சிரட்டை சேர்ந்ததும் பெரிய அதிகாரியின் கையில் வார்த்தாள். மூன்று விரல் நனைந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊற்றம்மா."

"ஊறணும்ங்கய்யா."

"எப்போது ஊறும்?"

"இந்தா, ஊறிக்கிட்டுத்தான இருக்கு. நாங்க தெனமும் பாக்குறோம், ஒருநாள்கூட ஊறாம இருந்ததில்ல."

காற்று இங்கேயும் நெய் வாசனையைக் கொண்டுவந்தது. பெரிய அதிகாரிக்கு இரண்டு கையும் முடிந்து ஹல்லனின் முறை வந்தபோது குழியின் ஒரு பக்கம் சரிந்து மூடிக்கொண்டது. சித்தி அவசரப்படாமல் மணலை அள்ளி வெளியே போட ஆரம்பித்தாள். ஹல்லன் குனிந்து பார்த்து, ஆங்கிலத்தில் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். எனக்கு முழுவதும் புரிந்த முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். "இங்கே ஏன் ஒரு கிணறு இல்லை?"

பெரிய அதிகாரி திரும்பி, "சோறு ஆறுகிறது. இங்கே ஏன் ஐயா ஒரு கிணறு இல்லை?" என்று குருநாதனிடம் தமிழில் கத்தினார்.

"வறுமை ஒழிந்த ஊருக்குக் கிணறு கொடுக்க விதியில் இடமில்லைங்க. ஆனால்..." குருநாதன் எச்சில் விழுங்கினார். அவருடைய முறை இன்னும் வரவில்லை. "வருகை தரும் அதிகாரிகள் வசதி என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதில் நிதி தொடப்படாமல் கிடக்கிறது. அதன் கீழ் கை கழுவும் தொட்டி ஒன்று கட்டலாம். தொட்டிக்கு உபசாதனமாக..."

"உபசாதனமாக?"

"ஒரு உறைக்கிணறு."

"எழுதுங்கள்!"

அன்றும் நான் தூக்கிக்கொண்டு வந்திருந்த கேள்வித் தாள் ஒன்றின் முதுகில் எழுதினார்கள். பெரிய அதிகாரி என் தோளில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா கசிந்து விரலெல்லாம் மையாகிவிட்டது. அவர் தம் கையைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். சித்தி, "வாங்கய்யா, மறுபடி மொதல்லேருந்து கழுவிருவோம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எந்த அரசாங்கக் காரியமும் அத்தனை வேகமாக நடந்ததில்லை. ஆடி பிறக்கும் முன் தொட்டி எழுந்துவிட்டது. வழுவழுவென்று பூசி, முகப்பில் கல் பதித்து, திறப்பாளர் பெயரெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். உபசாதனம் என்பதால் கிணற்றுக்குக் கல் இல்லை. தொட்டியில் இதுவரை யாரும் கை கழுவியதில்லை. விருந்தாளியை எழுந்து போய்க் கழுவச் சொல்வது எங்கள் ஊரில் எப்படி முடியும்? ஹமீது சுல்தானின் ஆடுகள் மத்தியானத்தில் அதில் படுத்துக்கொள்கின்றன.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சேதுலட்சுமி மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போய் கல்லை முழுக்க வாசித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இதுல தொட்டின்னுல்ல போட்ருக்கு? கெணறுன்னு சொல்லித்தான எங்க அய்யாகிட்டப் பொண்ணு கேட்டீக?" என்றாள். நான் அவளோடு போய், தொட்டிக்குப் பின்னால் இருந்த கிணற்றைக் கையால் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, வாளியை விட்டு, இழுத்து, ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

விருந்தன்று தண்ணீர் தீர்ந்து போனது தற்செயலா, திட்டமா என்று சித்தியிடம் பல தடவை கேட்டேன். வரிசையாக எழுத எனக்கு அது தேவைப்பட்டது. "கை கழுவாம யாராச்சும் சாப்பிடுவாகளாலே?" என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொல்லவில்லை. ஆகவே தெரியாது என்று எழுதுகிறேன்.

போன வாரம் தவசி அண்ணன் வந்து வாளியோடு தண்ணீர் வாங்கிக் குடித்தார். குழு மூன்றாவது அறிக்கை கொடுத்திருக்கிறதாம். ஒரே ஒரு தொட்டி ஓர் ஊரின் குடிநீர்க் கஷ்டத்தை முழுதாகத் தீர்த்த அதிசயத்தை ஆராய்ந்து, கடற்கரை முழுவதும் தொட்டிகள் கட்டச் சொல்லிவிட்டார்களாம். உபசாதனத்தைச் சிக்கனம் கருதி நீக்கிவிட்டார்களாம்.

நேற்று பக்கத்து ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்தார்கள். அவர்கள் ஊரில் தொட்டி முடிந்து கல்லும் பதித்தாகிவிட்டது. தண்ணீருக்கு என்ன செய்வதென்று சித்தியிடம் யோசனை கேட்டார்கள். சித்தி அவர்களுக்கு முதலில் ஆளுக்கொரு குடம் இறைத்து ஊற்றினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஒங்க ஊர்ல நெய்ச்சோறு நல்லா ஆக்குறது யாரு?"